பிங்கிக்குப் பத்து நாள்

மார்ச் 2, ஞாயிறு

பாப்பாவுக்கு இன்றோடு ஏழு மாதம். கட்டில் விரிப்பில் துவரம்பருப்பால் ‘7’ எழுதி, பக்கத்தில் ஆதிராவைப் படுக்க வைத்துப் படம் எடுத்தேன். மூன்றாவது படத்தில் பிங்கி தலையை நீட்டிவிட்டது. நான்காவதில் ஏழின் வாலை நக்கித் தின்றுகொண்டிருந்தது. முன்பற்கள் போன பிறகு எதையும் கடிப்பதில்லை, நக்குவதுதான்.

இரண்டு பேருக்கும் நகம் வெட்டினேன். பாப்பாவுக்குத் தூங்கும்போது. பிங்கிக்கு பால்கனியில், வாசிலினும் கெஞ்சலுமாக முக்கால் மணி நேரம். பதினோரு வயதுக் கிழவிக்கு இன்னும் நகம் வெட்டினால் சின்னக் குட்டி மாதிரி முனகல். முனகி முடிந்ததும் இருமல்.

துணி துவைக்கவில்லை. பால் கொடுக்கிற நைட்டியின் ஜிப் மறுபடியும் வாயைப் பிளந்துவிட்டது. தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துக் குத்திக்கொண்டேன். நேற்று தூங்கியது இரண்டு மணி நேரம். அதற்கு முந்தைய நாள் கணக்கில்லை.

அவருக்கு இந்த வாரம் முழுக்க இரண்டு ஷிப்ட்.

மார்ச் 3, திங்கள்

பிங்கி பாப்பாவின் முகத்தில் கீறிவிட்டது.

மதியம் மூன்று மணி இருக்கும். நான் சமையலறையில் இருந்தேன். அழுகை கேட்டு ஓடினேன். இடது கன்னத்தில், கண்ணுக்கு இரண்டு விரல் கீழே. கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா மேலே வந்து கதவைத் தட்டினார்கள். “ஏம்மா, ஒரு மணியிலிருந்து புள்ள இப்புடி அழுவுது” என்று உள்ளே வந்தவர்கள், ரத்தத்தைப் பார்த்தார்கள், கட்டிலடியில் நின்ற பிங்கியைப் பார்த்தார்கள். “அய்யோ, நாயி பொறாண்டிருச்சா?”

ஆமாம் என்றேன்.

அவர்களே அவருக்கு போன் போட்டார்கள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். சொந்த நாயா? ஆமாம். தடுப்பூசி? போன வருடம் விட்டுப்போயிற்று, நான் கர்ப்பத்தில் படுக்கையில் இருந்தேன். எப்படிக் கீறியது? பார்க்கவில்லை.

“முகங்கறதால ரிஸ்க் எடுக்க முடியாதும்மா. தடுப்பூசியோட சீரமும் போட்டுடணும்.”

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜியில் ரேபிஸ் பற்றி செமினார் எடுத்தவள் நான். சீரத்தைக் காயத்தைச் சுற்றியே குத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். தலை ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன். குத்திய ஒவ்வொரு இடமும் பட்டாணி மாதிரி வீங்கியது.

இன்னும் நான்கு ஊசி: 6, 10, 17, 31. நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நன்றாக இருந்தால் கடைசி இரண்டு ஊசி வேண்டாம். அதற்குள் நாய் செத்தாலோ காணாமல் போனாலோ ஐந்தும் போட்டாக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் டார்ச் அடித்துப் பாப்பாவின் கன்னத்தைப் பார்த்தார். பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. ஒரு மயிரிழைக் கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவர். “ஒரே கோடு” என்றார்.

பிங்கியைப் பின் பால்கனியில் வாஷிங் மெஷின் பக்கத்தில் கட்டிவிட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

அவருடைய அக்கா வந்துவிட்டார், கோபியிலிருந்து முதல் பஸ்ஸில். சாந்தாமணி அண்ணி. இரண்டு பை, ஒரு தலையணை. “பத்து நாளைக்கு அக்கா இருக்கட்டும்” என்று அவர் என்னிடம் சொல்லும்போது அண்ணி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அண்ணிக்கு எதையும் வரிசையாகச் செய்ய வேண்டும். காபி குடித்த கையோடு தம்பியை உட்கார வைத்து டாக்டர் சொன்னதைக் கேட்டார்.

“நாய்க்கு என்னென்ன பாக்கோணும்?”

“ஒழுங்கா சாப்புடுதா, தண்ணி குடிக்குதா. வெளிச்சம் புடிக்காம மூலையில போயி உக்காந்துக்குதா. சும்மா சும்மா எரிஞ்சு வுழுகுதா. தூங்குதா.”

“அவ்வளவுதான? எழுதி வெச்சுட்டாப் போச்சு.”

சமையலறையில் தொங்கும் மளிகைக்கடைக் காலண்டரில், கேஸ் வந்த தேதியை நான் குறித்து வைப்பேனே, அதில் நேற்றைய கட்டத்தில் இரண்டு சின்னக் கோடு போட்டார், மேலே ஒன்று, கீழே ஒன்று. சரியாக இருந்தால் கோடு, இல்லாவிட்டால் வட்டம். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று போலிருக்கிறது.

“நான் பாத்துக்கறேன் அண்ணி, என் நாய்தானே.”

“நீ புள்ளயப் பாரு கண்ணு.” அப்புறம் ஒரு நொடி கழித்து, “புள்ளயயும் நான் பாத்துக்கறேன். நீ தூங்கு” என்றார்.

பாப்பாவின் தொட்டில் அண்ணி படுக்கும் அறைக்குப் போய்விட்டது.

மார்ச் 6, வியாழன்

இரண்டாவது ஊசி. தொடையில். ஊசி ஏறும் வரை பாப்பா சிஸ்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதுதான்.

பிங்கி தயிர்ச்சோறு முழுவதையும் வழித்துத் தின்றது. கிண்ணத்தை மூக்கால் தள்ளி இன்னும் கேட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை, மதியமும் இல்லை, இரவும் இல்லை. தட்டை மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

அண்ணி கடைவீதிக்குப் போய் எனக்கு மூன்று நைட்டி வாங்கி வந்தார். மூன்றிலும் முன்னால் பட்டன். “ஜிப்பெல்லாம் நமக்கு ஒத்து வராது கண்ணு.” பழைய நைட்டியைக் காணவில்லை. தரை துடைக்க எடுத்துவிட்டாராம்.

மார்ச் 8, சனி

காலையிலிருந்து பிங்கி தண்ணீர் குடிக்கவில்லை என்று வீடு கலங்கிவிட்டது. அவர் வேலைக்குப் போகாமல் பால்கனிக் கதவின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு நின்றார். “தண்ணியக் கண்டா மூஞ்சியத் திருப்புது அக்கா. அதேதான்.” பாப்பாவைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வைத்திருந்தது பாத்ரூம் கழுவுகிற மக்கில். பினாயில் வாடை. பிங்கியின் பழைய எவர்சில்வர் கிண்ணத்தைத் தேடிக் கழுவி, தண்ணீர் ஊற்றி வைத்தேன். பாதிக் கிண்ணம் குடித்துவிட்டு, இருமி, என் கால் கட்டைவிரல் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

“உனக்குப் பயமே இல்லியா தாரணி?” என்றார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

“அதுக்கு அந்த வியாதி இல்லைங்க.”

“எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

“அதான் எப்படித் தெரியும்னு கேக்கறேன்.”

கேட்டுவிட்டு அவசரப்படாமல் நின்றார். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம். உள்ளே ஓடிவிட்டேன்.

முதல் வருடம் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா கொண்டு வந்த குட்டி இது. சட்டைப் பைக்குள் இருந்தது. அப்பாவின் பதினாறாம் நாள் முழுக்க அவருடைய செருப்பின் மேல் படுத்திருந்தது. கல்யாணத்தன்று இவர்கள் பக்கத்தில் யாரோ, “பொண்ணு வீட்டுச் சீரு என்னங்?” என்று கேட்டதற்கு, “இருமற நாயி ஒண்ணுங்” என்று இவர்தான் சொன்னார். பந்தியே சிரித்தது. அப்போது எனக்கு இவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மார்ச் 10, திங்கள்

மூன்றாவது ஊசி.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தார்.

“உள்ள போகணுமா தாரணி?”

“ஏன் இப்படிக் கேக்கறீங்க?”

“சும்மாதான் கேக்கறேன். நீ வேண்டாம்னா வேண்டாம். இப்படியே திருப்பிக்கலாம்.”

பாப்பா என் தோளில் எச்சில் வடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பொருக்கு உதிர்ந்து, ரோஸ் கலரில் நூல் மாதிரி ஒரு கோடு.

“போகணும்” என்றேன்.

சிஸ்டர் ஊசியை எடுத்துக்கொண்டே, “நாயி நல்லா இருக்கா?” என்றார். இருக்கிறது என்றேன். “நல்லதாப் போச்சு. பாவம், வாயில்லா ஜீவன்” என்று பஞ்சை அழுத்தினார்.

ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றேன். அண்ணி வற்புறுத்தவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

மார்ச் 11, செவ்வாய்

பாப்பாவைக் குளிக்க வைக்கிறேன் என்றேன். அண்ணி சரி என்று சொல்லிவிட்டு, பாத்ரூம் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்தார். குளிப்பாட்டி முடிக்கும் வரை உரித்தார். நான்கு பல்.

மார்ச் 13, வியாழன்

பத்து நாள் ஆகிவிட்டது. பிங்கி உயிரோடு இருக்கிறது, சாப்பிடுகிறது, தண்ணீர் குடிக்கிறது. டாக்டர் போனில், “அப்ப அந்த ரெண்டு ஊசி வேண்டாம், நிம்மதியா இருங்க” என்றார்.

நான் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். கட்டியே கிடந்ததில் பின்னங்கால் பிடித்துக்கொண்டு, இரண்டடி நடந்து உட்கார்ந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அவர் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கட்டிடு தாரணி.”

“அதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சே.”

“ஊசிதான் வேண்டாம்னு ஆச்சு. நாயி வேண்டாம்னுதான் நான் சொல்றேன். பாப்பாவைக் கீறுன நாயை வீட்ல எப்படி வெக்கறது? கீறுச்சுதானே?”

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கட்டிவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

செல்லப் பிராணிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ‘பொமரேனியன், பெண், பதினோரு வயது, சாது.’ சாது என்பதை மூன்று தடவை அழித்து எழுதினேன்.

முதல் ஆள்: “குட்டி போடுங்களா?” இரண்டாவது: “பதினொண்ணா? மாசம்தானுங்களே?” மூன்றாவது ஒரு அம்மா: “வெள்ளையா? எங்க வாஸ்துக்கு பிரவுன்தான் ஆகுமாம்.” நான்காவது ஆள் பேசவே இல்லை, பிங்கி இருமியது கேட்டதும் வைத்துவிட்டார்.

அண்ணி இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. பத்து நாள் முடிந்துவிட்டதே என்று நான் கேட்கவில்லை. காலண்டரில் இன்றைக்கும் இரண்டு கோடு.

மார்ச் 15, சனி

ஒருவர் வந்தார். ரெஜினா. தொண்டாமுத்தூர் ரோட்டில் பூச்செடி நர்சரி வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும், நகக்கண்ணெல்லாம் செம்மண். பத்து வருடம் வளர்த்த நாய் தீபாவளியன்று செத்துப்போயிற்றாம். “குட்டி வேண்டாங்க. மறுபடியும் முதல்ல இருந்து எனக்குத் தெம்பில்ல. வயசானது ஒண்ணு கூட இருந்தாப் போதும். அது பாட்டுக்குத் தூங்கும், நான் பாட்டுக்குத் தொட்டியில மண்ணு ரொப்புவேன்.”

பிங்கியை அவிழ்த்து விட்டேன். நேராகப் போய் அவருடைய செருப்பை முகர்ந்தது. புடவை ஓரத்தை முகர்ந்தது. அப்புறம் அவருடைய பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டது. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக வால் தரையில் பட் பட் என்று அடித்தது.

“ஏ கிழவி, இப்பவே எடம் புடிச்சுட்டியா?” என்று அதன் காதை உருவிவிட்டார். பல்லைப் பார்த்தார். இருமலுக்கு வெந்நீரில் என்ன கலந்து கொடுக்கலாம் என்று சொன்னார். ஈரமாக இருக்கிற இடத்தில் படுக்க விடமாட்டேன் என்றார். நான் ஒரு பையில் அதன் கிண்ணத்தையும் சீப்பையும் போட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது கேட்டார். “ஒண்ணே ஒண்ணுங்க. தப்பா நெனைக்காதீங்க, எனக்குப் பொய் மட்டும் சொல்லாதீங்க. வீட்ல ஆறு வயசுல பொண்ணு இருக்கா. இது கொழந்தைங்களக் கடிச்சிருக்கா? பொறாண்டியிருக்கா?”

பாப்பாவின் அப்பா சோபாவில் இருந்தார். என்னையே பார்த்தார். அண்ணி துணி மடிப்பதை நிறுத்திவிட்டார். அண்ணியின் மடியில் பாப்பா, கன்னம் வெளிச்சத்தில்.

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவர்கள் இருவரும் அந்த ஒரு மூச்சுக்குத்தான் காத்திருந்தார்களோ என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பது மட்டும்தான் தெரிந்தது.

“பாப்பா கன்னத்துல கீறிடுச்சுங்க” என்றேன்.

ரெஜினா குனிந்து பிங்கியின் தலையை இரண்டு கையாலும் தூக்கி, பாதத்தை உருவிக்கொண்டு, தலையைத் தரையில் மெதுவாக வைத்தார். முட்டை வைப்பது மாதிரி.

சோபாவிலிருந்து அவர் எழுந்து படுக்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 16, ஞாயிறு

பிங்கி போய்விட்டது.

பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. மயில்சாமி என்று அவருடைய கம்பெனி கேன்டீன்காரரின் சொந்தக்காரர். “சின்ன நாயிதானுங்க நல்லாக் கொலைக்கும். பெரிய நாயி தின்னுபோட்டுத் தூங்கும்” என்றாராம். வயது கேட்கவில்லை. கடிக்குமா என்றும் கேட்கவில்லை.

கட்டைப்பையில் பழைய துண்டு விரித்து உட்கார வைத்தேன். ஏதோ கல்யாணத்துக்குப் பட்டு எடுத்த கடையின் பை. மஞ்சள் கைப்பிடிகளுக்கு நடுவே வெள்ளை முகம். வெளியே போகிறோம் என்று அதற்குச் சந்தோஷம். வண்டியின் முன்னால் பையை வைத்து முழங்காலால் அணைத்துக்கொண்டு அவர் கிளம்பினார். தெருமுனை வரைக்கும் நேராகப் பார்த்துக்கொண்டு போயிற்று. முனையில்தான் திரும்பிப் பார்த்தது, நான் வருகிறேனா என்று.

கிண்ணத்தைக் கொடுத்துவிட மறந்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

இன்று நான்காவது ஊசி போட வேண்டிய நாள். போடவில்லை.

மார்ச் 20, வியாழன்

மயில்சாமிக்கு போன் செய்தேன்.

“இருக்குதுங் அம்மிணி. என்ன, மொத ரெண்டு நாளு ஊளையிட்டுச்சு. இப்ப இல்லீங்.”

“சாப்பிடுதாங்க? பல்லு இல்ல அதுக்கு. சோத்தப் பிசைஞ்சு வெக்கணும்.”

“இங்க மனுசனுக்கே பிசைஞ்சு வெக்க ஆளில்லீங்” என்று சிரித்தார். பின்னால் கோழிகளின் சத்தம், மழை பெய்கிற மாதிரி. அதற்குள் ஒரு இருமலைத் தேடினேன். கேட்கவில்லை.

வெயில் இன்று நூற்று இரண்டு என்றார்கள்.

மார்ச் 24, திங்கள்

மறுபடியும் போன் செய்தேன்.

“அது போயிருச்சுங் அம்மிணி. கயித்தக் கடிச்சு அத்துப்போட்டு ஓடியே போயிருச்சு. தேடுனோம்.”

கயிற்றைக் கடித்து. நன்றி என்று சொல்லி வைத்தேன். எதற்கு நன்றி?

மார்ச் 25, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இதில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கு நான் சமையலறையில் இல்லை. கட்டிலில்தான் இருந்தேன். பாப்பா ஒரு மணியிலிருந்து அழுதாள். பால் கொடுத்தேன், மாற்றினேன், நடந்தேன், பாடினேன். இரண்டு மணி நேரம். எந்தக் காரணமும் இல்லாத அழுகை. நெஞ்சோடு சேர்த்து அமுக்கினால் சத்தம் எனக்குள் போய்விடும், வெளியே கேட்காது என்று நினைத்தேன். அமுக்கினேன். நைட்டியில் இருந்த ஊக்கு திறந்துகொண்டது. அழுகை மாறியது எனக்குத் தெரிந்தது. வலிக்கிற அழுகை வேறு. எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிங்கி என் நைட்டியின் ஓரத்தை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தது. பல் இல்லாத வாயால் எவ்வளவு இழுக்க முடியும்? பிறகு பார்த்தபோது அந்த இடம் முழுக்க எச்சில் ஈரம். நான் பாப்பாவைக் கட்டிலில் போட்டேன். வைத்தேன் என்று எழுத வந்தேன். போட்டேன்.

அப்போதுதான் கதவு தட்டினார்கள்.

சீரம் போடும்போது தலையைப் பிடித்துக்கொண்டவள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஊசி இல்லை. 6-ம் தேதி இல்லை. 10-ம் தேதி இல்லை. சொல்லியிருந்தால் பாப்பாவை என்னிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அதனால் ஒவ்வொரு தடவையும் பிங்கியைக் கொடுத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் எங்கே போகிறேன் என்று சொல்லாமல் அவர் வண்டியை எடுத்தார். மதியம் முகமெல்லாம் தூசியாக வந்தார். சாப்பாட்டு மேசை மேல் பிங்கியின் சிவப்புக் கழுத்துப் பட்டையை வைத்தார். அதில் ஒரு முழம் கயிறு தொங்கியது.

“பண்ணையச் சுத்தி ரெண்டு கிலோமீட்டர் பாத்துட்டேன். கெடைக்கல.” தண்ணீர் குடித்தார். கயிற்றின் நுனியை விரலால் நிமிர்த்தி எனக்குக் காட்டினார். “இது கடிச்சதில்ல. கடிச்சா நாரு பிரிஞ்சிருக்கும். கத்தியில வெட்டுனது. ராத்திரியெல்லாம் இருமிட்டிருந்துச்சுன்னு தொரத்தி விட்டிருக்கானுவ. பட்டையத் தனியாக் கழட்டியிருக்கானுவ.”

“பாத்தவுடனே கண்டுபிடிச்சிட்டீங்க” என்றேன்.

“என் வேலையே அதானே தாரணி” என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

மார்ச் 31, திங்கள்

ஐந்தாவது ஊசி இல்லாத நாள்.

நாளை மாதம் பிறக்கிறது, காலண்டரைத் திருப்ப வேண்டுமே என்று கேஸ் வந்த தேதி பார்க்கப் போனேன். நின்றுவிட்டேன். 16-ம் தேதி வரை கட்டத்துக்கு இரண்டு குறி. 17-லிருந்து மேல் குறி இல்லை. பிங்கி இல்லை, சரி. கீழ்க் குறி இருக்கிறது. 17, 18, 19. நேற்று வரைக்கும். சில கட்டத்தில் கோடு, சில கட்டத்தில் வட்டம். 24, 25, 26 மூன்றும் வட்டம்.

இந்த நோட்டை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். 6-ம் தேதி மேலே கோடு, கீழே வட்டம். அன்று பிங்கி கிண்ணத்தை வழித்துத் தின்றது என்று எழுதியிருக்கிறேன். சாப்பிடாதது நான். 8-ம் தேதி, பிங்கி தண்ணீர் குடிக்காத நாள், மேலே வட்டம், கீழே கோடு. 10-ம் தேதி மேலே கோடு, கீழே வட்டம். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றேனே.

காலையும் மாலையும் இல்லை. மேலே பிங்கி. கீழே நான். முதல் நாளிலிருந்தே.

அண்ணி பின்னால் வந்து நின்றார். பாப்பா அவர் இடுப்பில்.

“என்ன கண்ணு?”

“உங்களுக்கு எப்பத் தெரியும் அண்ணி?”

அண்ணி எதைப் பற்றி என்று கேட்கவில்லை. பாப்பாவை இன்னொரு இடுப்புக்கு மாற்றினார்.

“சீரம் போட்டுட்டு வந்தீங்களே, அன்னிக்கி ராத்திரி மெத்தைய ஒதறும்போது தம்பி ஊக்கப் பாத்துருக்கான். வளைஞ்சு தெறந்து கெடந்துச்சாம், முனையில ரத்தம். அப்பவே எனக்கு போனப் போட்டு அழுதான். கல்யாணம் ஆயி அவன் அழுது நான் கேட்டதே இல்ல.”

“பின்ன ஏன் ஊசி போட விட்டீங்க?”

“நீ சொல்லுவேன்னு பாத்தான். ஆஸ்பத்திரி வாசல்ல கூட நிறுத்திக் கேட்டானாமே. நீ வாயத் தொறக்கல. அவனுக்கும் தொண்ணூறு சதவீதந்தான் தெரியும், மீதிப் பத்துக்கு ஊசி. நானா கேட்டு நீ ஏதாச்சும் பண்ணிக்கிட்டீனா? நாயி மேலயே இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டோம். அது என்ன சொல்லப் போகுது?”

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணியும் எதிரே உட்கார்ந்தார். பாப்பா என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். அண்ணி ஒரு நொடி தயங்கியதைப் பார்த்தேன். அப்புறம் கொடுத்தார். கொடுத்த பிறகும் ஒரு கையைப் பாப்பாவின் முதுகிலேயே வைத்திருந்தார்.

“வியாழக்கெழம ஒரு டாக்டரம்மாகிட்ட உன்னையக் கூட்டிட்டுப் போறோம். தம்பி சொல்லி வெச்சிருக்கான். ஒண்ணும் பயப்படாத. நெறயப் பேருக்கு வர்றதுதானாம். எனக்கே பெரியவன் பொறந்தப்ப கெணத்து மேட்டுக்குப் போறதுக்குப் பயமா இருக்கும். யார்கிட்டச் சொன்னேன்?”

“நீங்க எப்ப ஊருக்குப் போவீங்க அண்ணி?”

“போலாம்.”

“எத்தன நாள்?”

அண்ணி காலண்டரை அண்ணாந்து பார்த்தார்.

“நாயிக்குப் பத்து நாளுன்னு சொன்னாங்க. மனுசருக்கு யாரு சொன்னா?”

பிங்கியின் கிண்ணம் இன்னும் வாஷிங் மெஷின் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை யாரும் எடுக்கவில்லை. காலையில் அதில் தண்ணீர் இருந்ததைப் பார்த்தேன். நான் ஊற்றவில்லை.

எல்லோரும் படுத்தாயிற்று. இதை எழுதுவதற்கு முன்னால் சமையலறைக்குப் போனேன். இன்றைய கட்டத்தில் அண்ணி இன்னும் எதுவும் போடவில்லை. மறந்துவிட்டார் போல. பேனா ஆணியில் நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

மதியம் சாப்பிடவில்லை. இரவும் சாப்பிடவில்லை.

நானே ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தேன்.